கோடை விடுமுறைக்கு வீடா, ஊரா, மலையா?

ஆண்டுத் தேர்வின் கடைசித் தாளை எழுதிவிட்டு வந்த அன்றே என் மகள் புத்தகப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கேட்பாள்: “லீவுக்கு எங்கேம்மா போறோம்?” அதற்கு முன்பே ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டிருப்பாள். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் ஊட்டியில் அறை எடுத்ததைச் சொல்லியிருப்பார். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் கோடை முகாம் விளம்பரங்கள் வந்து குவிந்திருக்கும். எங்கேயும் போகாமல் வீட்டிலேயே எல்லோரும் சேர்ந்து கிடந்தால் என்ன என்று எனக்கு ஒவ்வொரு ஆண்டும் ஆசை வரும். அப்படிச் செய்தால் பிள்ளைகளுக்குக் குறை வைக்கிறோமோ என்று உறுத்தவும் செய்யும்.

இந்தக் குழப்பம் பல வீடுகளில் இருக்கிறது என்பது தோழிகளிடம் பேசும்போது தெரிகிறது. வீட்டிலேயே இருப்பது, சொந்த ஊர், மலை, கோடை முகாம் என்று கடந்த ஆறேழு ஆண்டுகளில் நாங்கள் நான்கு வழிகளையும் செய்து பார்த்துவிட்டோம். அந்த அனுபவத்தை வைத்து ஒவ்வொன்றிலும் என்ன கிடைக்கும், வெளியே தெரியாமல் என்ன செலவாகும், எந்த வீட்டுக்கு எது சரிப்படும் என்று எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்களோடு ஒப்பிட முடியும். தாம்பரம் பக்கத்தில் மூன்று மாடிக் குடியிருப்பில் மேல் தளம், இரண்டு படுக்கையறை. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மகளுக்குப் பதின்மூன்று வயது, மகனுக்கு எட்டு. மாமியார் எங்களோடு இருக்கிறார். என் அம்மா வீடு அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம்.

## எதை வைத்து முடிவு செய்வது?

எல்லோரும் முதலில் பணத்தைத்தான் பார்ப்போம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு மூன்று விடுமுறைகள் கழிந்த பிறகுதான் வேறொரு கேள்வி அதற்கும் முன்னால் நிற்கிறது என்று புரிந்தது: இந்த விடுமுறையில் ஓய்வு யாருக்கு? பிள்ளைகள் பத்து மணி வரை தூங்கினார்கள், கணவர் ஊஞ்சலில் படுத்துப் பத்திரிகை படித்தார், ஆனால் வீட்டில் ஒருத்தி காலை ஐந்தரைக்கு எழுந்து இரவு பத்து வரை அடுப்படியில் நின்றாள் என்றால் அது அந்த வீட்டின் விடுமுறை ஆகாது. நான் சொல்லப்போகும் எல்லாவற்றையும் முதலில் இந்தக் கேள்வியால்தான் அளக்கிறேன்.

அடுத்தது பணம். டிக்கெட், அறை வாடகை என்று கண்ணுக்குத் தெரிவது ஒரு பாதி. மின்கட்டணம், எரிவாயு, அன்பளிப்பு, திரும்பி வந்த பிறகு ஆகும் செலவு என்று தெரியாதது மறு பாதி.

மூன்றாவது வெயில். கத்திரி வெயில் மே 4ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28 வரை போகும். சென்னையில் கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும் நாட்களில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். வீட்டில் முதியவரோ கைக்குழந்தையோ இருந்தால் இதைத் தள்ளிவைத்துவிட்டு யோசிக்க முடியாது.

பிள்ளைகளின் பொழுது எப்படிப் போகும், பெற்றோருக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்ற இரண்டும் மீதி. கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு ஐந்து வாரம் லீவு என்றால் நமக்கும் அப்படியா? தனியார் வேலையில் ஒரு வாரம் கிடைப்பதே பெரிது.

## வீட்டிலேயே இருப்பது

என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான், அதனால் இதைப் பற்றி அதிகம் எழுதுவேன்.

போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு மே மாதம் முழுவதும் வீட்டில்தான் இருந்தோம். நானும் கணவரும் ஒரே வாரத்தில் லீவு எடுக்காமல் ஆளுக்கு ஒரு வாரம் மாற்றி எடுத்தோம். ஒரு வாரம் மட்டும் இருவரும் சேர்ந்து இருந்தோம். அந்த ஒரு வாரம் இன்றைக்கும் என் நினைவில் பசுமையாக இருக்கிறது. விடியும் முன் எல்லோரும் மொட்டை மாடியில். இரவு அங்கேயே பாய் போட்டுப் படுத்திருப்போம். ஆறு மணிக்கு வெயில் முகத்தில் பட்டதும் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே வருவோம். காலையில் முதல் நாள் தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு, சின்ன வெங்காயம், மோர் மிளகாய். பத்து மணிக்குத் தெருவில் நுங்கு வண்டி. மதியம் சாப்பிட்ட கையோடு கூடத்தில் தரையைத் துடைத்து ஈரம் காயும் முன் தலையணையைப் போட்டுப் படுத்தால் மூன்று மணி வரை யாரும் யாரையும் எழுப்புவதில்லை.

மாலையில் மாமியார் சாக்பீஸால் தரையில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கட்டம் போட்டார். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலிக்குப் புளியங்கொட்டை, ஆட்டுக்குச் சோழி. மகன் முதல் நான்கு நாளும் ஆடுகளை இழந்துகொண்டே இருந்தான். ஐந்தாம் நாள் புலிகளை அடைத்துவிட்டான். “ஆச்சியை ஜெயிச்சிட்டேன்” என்று அடுத்த வீட்டுக்கு ஓடிச் சொல்லிவிட்டு வந்தான். வேறு எந்த மாதத்திலும் அவனுக்கும் ஆச்சிக்கும் அப்படி இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைத்ததில்லை. அவன் பள்ளி விட்டு வந்தால் வீட்டுப்பாடம், அப்புறம் இரவுச் சாப்பாடு, தூக்கம். ஒரே வீட்டில் இருந்தும் அவ்வளவுதான் பேச்சு. இந்தக் காரணத்துக்காகவே வீட்டு விடுமுறையை நான் உயர்வாக நினைக்கிறேன்.

அதே ஆண்டு அத்தை கூழ் வத்தல் போட்டார். பச்சரிசி மாவில் ஜவ்வரிசி, பச்சை மிளகாய் விழுது, சீரகம், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் காய்ச்சிய கூழை வெயில் ஏறும் முன்பே பழைய வேட்டியில் கரண்டி கரண்டியாக ஊற்ற வேண்டும். பிள்ளைகள் பாதிக் கூழைச் சூடாகவே தின்றுவிட்டார்கள். மாவடுவும் அந்த ஆண்டுதான் முதல்முறையாக என் கையால் போட்டேன்.

சரி, இப்போது மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருகிறேன்.

முதலாவது மின்கட்டணம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் போவது மட்டும் இல்லை, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த மலிவு விலையும் போய்விடும். அந்த ஒரு கோட்டைத் தாண்டியதற்கே இருநூறு ரூபாய்க்கு மேல் கூடும். ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை யூனிட் இழுக்கும். பகலில் ஐந்து மணி நேரம் கூடுதலாக ஓட்டினால் நாற்பது நாளில் 200 முதல் 300 யூனிட். எங்களுக்கு அந்த முறை வழக்கத்தைவிட இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் அதிகம் வந்தது. மலையில் ஓர் இரவு அறை வாடகையைவிடக் குறைவுதான். ஆனாலும் எதிர்பார்க்காமல் வந்தால் வலிக்கும். ஏசியை 24 டிகிரியில் வைத்து, மின்விசிறியும் சேர்த்து ஓட்டி, எல்லோரும் ஒரே அறையில் படுத்தால் பாதியாகக் குறைக்கலாம். ஒரே அறையில் எல்லோரும் படுப்பதைப் பிள்ளைகள் திருவிழா போலக் கொண்டாடுவார்கள்.

இரண்டாவது எரிவாயு, மளிகை. வழக்கமாக நாற்பத்தைந்து நாள் வரும் சிலிண்டர் முப்பது நாளில் தீர்ந்தது. பிள்ளைகள் வீட்டில் இருந்தால் மணிக்கொரு தரம் பசிக்கும்.

மூன்றாவது செலவு பணத்தில் வராது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா மே மாதம் கோயில் திருவிழாவுக்குத் தன் ஊருக்குப் போவார். பத்து நாள். அது அவருடைய விடுமுறை, சம்பளம் பிடிக்காமல் அனுப்ப வேண்டியது நம் கடமை. ஆனால் அந்தப் பத்து நாள் பாத்திரமும் துணியும் யார் தலையில் விழும்? முதல் முறை நாங்கள் வீட்டு விடுமுறை என்று இருந்தபோது எல்லாம் என் தலையில்தான் விழுந்தது. மூன்று வேளைச் சமையல், நடுவே ஜூஸ், பஜ்ஜி, விருந்தாளி. விடுமுறை முடிந்து அலுவலகம் போன முதல் நாள் என் நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அன்று மாலையே கணவரிடம் சொன்னேன், இனி இப்படி ஒரு விடுமுறை வேண்டாம் என்று.

அதற்குப் பிறகு சில ஏற்பாடுகள் செய்துகொண்டோம். காலையில் அடுப்பு இல்லை: பழைய சோறு, கம்மங்கூழ், பழம், ரொட்டி, எது இருக்கிறதோ அது. மதியம் ஒரு குழம்பு, ஒரு காய், அதற்கு மேல் கிடையாது. இரவு தோசை, அவரவர் தோசையை அவரவர் ஊற்றிக்கொள்ள வேண்டும். பதின்மூன்று வயதுக்காரி தோசை வார்ப்பாள், துணியை இயந்திரத்தில் போட்டு உலர்த்துவாள். எட்டு வயதுக்காரன் மோர் கடைவான், தட்டுகளைக் கழுவுவான், வெங்காயம் உரிப்பான். வாரத்தில் ஒரு நாள் நானும் அத்தையும் அடுப்படிக்குள் நுழைவதே இல்லை. அந்த நாள் கணவரும் பிள்ளைகளும் என்ன சமைத்தாலும் குறை சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். முதல் வாரம் சாம்பாரில் உப்பு இல்லை. மூன்றாவது வாரம் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் அருமையாக இருந்தன, இரண்டு முறை போட்டுக்கொண்டேன்.

கைபேசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் பொழுதை விழுங்குவது அதுதான். தடை போட்டுப் பார்த்தோம், பலிக்கவில்லை. மதியம் இரண்டு முதல் நான்கு வரை வெளியே போக முடியாத நேரத்தில் ஒன்றரை மணி நேரம் கொடுத்துவிட்டு, மற்ற நேரம் பெரியவர்கள் உட்பட யார் கையிலும் போன் இல்லை என்று வைத்தபோது பலித்தது. பெரியவர்கள் உட்பட என்பதுதான் இதில் கடினமான பகுதி. வாரம் ஒரு நாள் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவுக்குக் கூட்டிப் போனேன். குளிர்ந்த இடம், கட்டணம் கிடையாது, மதியம் முழுவதும் அங்கேயே இருக்கலாம். மதுரைக்காரர்களுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. மற்ற ஊர்களில் கிளை நூலகத்தை ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

யாருக்கு இது நல்லது: வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்களுக்கு, நீண்ட பயணம் தாங்காத குழந்தை இருப்பவர்களுக்கு, ஆண்டு முழுவதும் ஓடி ஓடிக் களைத்தவர்களுக்கு, கையில் பணம் இறுக்கமாக இருப்பவர்களுக்கு.

யாருக்கு வேண்டாம்: தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ போட்ட வீடு, காற்று வராத ஓர் அறை வீடு என்றால் மே மாதப் பகலில் அங்கே அடைந்து கிடப்பது உடம்புக்கு ஆபத்து. தண்ணீர் லாரியை எதிர்பார்த்து நிற்கும் தெருவிலும் இது கஷ்டம்தான். அடுப்படி வேலையைப் பகிர்ந்துகொள்ள வீட்டில் வேறு யாரும் முன்வரவில்லை என்றாலும் இந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

## சொந்த ஊருக்குப் போவது

பிள்ளைகளைக் கேட்டால் இதற்குத்தான் ஓட்டு. அம்மா வீட்டுக்குப் போனால் என் அண்ணன் பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். காலையில் தாமிரபரணிக்குக் குளிக்கப் போனால் பத்து மணிக்குத்தான் திரும்புவார்கள். பதநீர், நுங்கு, கொல்லையில் மாங்காய். சித்திரையிலோ வைகாசியிலோ ஊர்க் கோயில் கொடைத் திருவிழா வந்தால் இரவு முழுக்க வில்லுப்பாட்டும் கரகமும். யாரும் அவர்களுக்குப் பொழுதுபோக்கு தேடித் தர வேண்டியதில்லை. ஓராண்டு என் மகன் பன்னிரண்டு நாள் கைபேசியைக் கேட்கவே இல்லை.

செலவு குறைவு என்று தோன்றும். டிக்கெட்டைச் சரியான நேரத்தில் எடுத்தால் உண்மையில் குறைவுதான். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அதற்கு முன் 120 நாள் இருந்தது. மே முதல் வாரப் பயணத்துக்கு மார்ச் முதல் வாரத்திலேயே காலை எட்டு மணிக்கு உட்கார்ந்துவிட வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் விடுமுறை வெள்ளிக்கிழமைகளுக்குச் சில நிமிடத்தில் காத்திருப்புப் பட்டியல் வந்துவிடுகிறது. ஒரு முறை தவறவிட்டு நான்கு பேர் ஆம்னி பஸ்ஸில் போனோம். போக மட்டும் ரயிலுக்கு ஆகும் பணத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் கொடுத்தோம். அப்புறம் எல்லோருக்கும் துணிமணி, தின்பண்டம், கோயில் வரி, சின்னப் பிள்ளைகள் கையில் வைக்கும் பணம். இவை சந்தோஷமாகச் செய்யும் செலவுகள், ஆனாலும் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியவை.

ஓய்வு யாருக்கு என்ற கேள்வியை இங்கேதான் நான் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அம்மா வீட்டில் எனக்கு ஓய்வு. படுத்த இடத்துக்குக் காப்பி வரும். மூன்று நான்கு ஆண்டுகள் அதை அனுபவித்துவிட்டு வந்தேன். ஓராண்டு கிளம்பும் நாளில் மதினியின் கையைப் பார்த்தேன். மிளகாய் அரைத்து, பாத்திரம் தேய்த்து விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. நாங்கள் நான்கு பேர், சித்தி வீட்டில் மூன்று பேர், அண்ணன் குடும்பம், அம்மா, அப்பா. அத்தனை பேருக்கும் பன்னிரண்டு நாள் மதினிதான் சமைத்திருந்தார். என் விடுமுறை முழுவதும் மதினி முதுகில் ஏறியிருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அம்மாவுக்கும் எழுபத்திரண்டு ஆகிறது. பேரப் பிள்ளைகள் வந்தால் முறுக்கு சுட்டே தீருவேன் என்று நிற்பாள், நாங்கள் போன பிறகு ஒரு வாரம் முட்டிவலியோடு படுப்பாள்.

அதனால் இப்போது ஊருக்குப் போனால் காலைச் சமையல் என்னுடையது, இரவுப் பாத்திரம் அண்ணனும் என் கணவரும். ஆண்கள் பாத்திரம் தேய்ப்பதைப் பார்த்து முதலில் அம்மா பதறினாள், மூன்றாம் நாள் பழகிவிட்டது. எட்டு நாளில் கிளம்பிவிடுகிறோம். மதினியையும் பிள்ளைகளையும் ஒரு வாரம் தாம்பரத்துக்கு வரச் சொல்கிறோம். அந்த வாரம் அவர்கள் அடுப்படிப் பக்கம் வரக் கூடாது.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். கோடை விடுமுறையில் ஆற்றிலும் கிணற்றிலும் குளத்திலும் மூழ்கிப் பிள்ளைகள் இறக்கும் செய்தி வராத ஆண்டே இல்லை. நகரத்தில் வளரும் பிள்ளைக்கு ஆற்றின் மணல் குழி தெரியாது, பாசி படிந்த படித்துறை தெரியாது. நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கரையில் சும்மா உட்காராமல் தண்ணீருக்குள் கூடவே நிற்காதவரை பிள்ளைகளை அனுப்பக் கூடாது. உறவுக்காரப் பையன் கூடப் போகிறான் என்ற தைரியம் போதாது, அவனும் சிறுவன்தான்.

இன்னொன்று, தென்மாவட்டம் போகிறவர்கள் குற்றாலத்தையும் சேர்த்துத் திட்டமிடுகிறார்கள். அருவியில் சீசன் தென்மேற்குப் பருவமழையோடு ஜூனில்தான் தொடங்கும். மே நடுவில் பெரும்பாலும் பாறையைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

யாருக்கு நல்லது: ஊரில் பெரியவர்கள் நலமாக இருந்து, ஒத்த வயதுப் பிள்ளைகள் கூடும் வீடு இருந்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. தாத்தா பாட்டி காலம் நமக்காக நிற்காது.

யாருக்கு வேண்டாம்: ஊரில் வயதான ஒருவரே தனியாக இருக்கும் வீட்டுக்கு மொத்தக் குடும்பமாகப் போய் இறங்குவது அவருக்குப் பாரம். அங்கே போவதைவிட அவரை நம் வீட்டுக்கு அழைத்து வருவது மேல். சொத்துத் தகராறு புகையும் வீட்டுக்கும் கோடையில் போக வேண்டாம். பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

## மலை ஊருக்குப் போவது

வெயில் என்ற ஒரு கணக்கில் மட்டும் மலைதான் முதல். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். சென்னை 40 டிகிரியில் கொதிக்கும் நாளில் அங்கே பகலிலேயே ஸ்வெட்டர் போடலாம். சமையலும் இல்லை, பாத்திரமும் இல்லை. அந்த மூன்று நாள் எனக்கு முழு ஓய்வு என்பதை மறுக்கமாட்டேன்.

ஆனால் மே மாதம் போகலாமா என்பதுதான் கேள்வி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அறையைப் போட்டுவிட்டு இ-பாஸ் கிடைக்காமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும். முதலில் பாஸ், பிறகு அறை என்ற வரிசையில் போங்கள், அந்த ஆண்டு விதி என்ன என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போனால் இ-பாஸ் தொல்லை இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் ஏறும் மலை ரயில் பிள்ளைகளுக்கு வாழ்நாள் நினைவு. அதில் இடம் கிடைப்பதும் அவ்வளவு அரிது. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு, வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

நாங்கள் ஊட்டிக்குப் போனது மலர்க் கண்காட்சி நடந்த வாரத்தில். பூங்காவுக்குள் பூவைவிட முதுகுகள்தான் அதிகம் தெரிந்தன. குன்னூரைத் தாண்டி மூன்று மணி நேரம் வண்டி நகரவில்லை. வளைவுகளில் மகன் நான்கு முறை வாந்தி எடுத்தான். விடுதியில் படத்தில் காட்டிய அறை ஒன்று, கொடுத்தது ஒன்று. மூன்று இரவுக்கு வண்டி, அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டாயிரம் ஆனது. திரும்பி வந்து மூன்று நாள் துணி துவைத்தோம். வெயிலிலிருந்து குளிருக்குப் போய் மீண்டும் வெயிலுக்கு இறங்கியதில் மாமியாருக்கு இருமல் பிடித்து இரண்டு வாரம் விடவில்லை.

அதே ஊட்டிக்குச் செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறையில் ஒரு முறை போனோம். மழை ஒரு நாள் அறைக்குள்ளேயே உட்கார வைத்தது. மற்ற இரண்டு நாளும் பச்சையும் பனியும் எங்களுக்கே எங்களுக்கு என்பது போல இருந்தன, அறை வாடகையும் ஏறக்குறைய பாதி. மலையை அப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. மேயில்தான் போக முடியும் என்றால் ஏற்காடு, கொல்லிமலை போன்ற இடங்களுக்கு வார நாளில் போகலாம். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, வாந்தி வரும் பிள்ளை இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு நல்லது: புதிதாகத் திருமணமானவர்களுக்கு, பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த குடும்பத்துக்கு, லீவே நான்கு நாள்தான் என்பவர்களுக்கு. அவர்கள் அந்த நான்கு நாளை வீட்டில் கழித்தால் அலுவலக அழைப்பு விடாது. ஊரைவிட்டு விலகுவதே அவர்களுக்கு ஓய்வு.

## கோடை முகாம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் இருவருக்கும் லீவு கிடைக்காது, வீட்டில் பெரியவர்களும் இல்லை என்றால் முகாம் ஒரு தேவை. அதில் குற்ற உணர்ச்சி வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் ஆள் இருந்தும், சும்மா இருந்தால் பிள்ளை பின்தங்கிவிடுவான் என்ற பயத்தில் காலையில் அபாகஸ், மாலையில் கீபோர்டு என்று சேர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பத்து மாதம் மணி அடித்து மணி அடித்து ஓடிய பிள்ளைக்கு ஐந்து வாரமாவது மணி அடிக்காத பொழுது வேண்டும். “போர் அடிக்குதும்மா” என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள்தான் அட்டைப் பெட்டியில் பொம்மை வீடு கட்டத் தொடங்கினாள்.

ஒரே விதிவிலக்கு நீச்சல். மேலே சொன்ன காரணத்துக்காகவே, பிள்ளைக்கு எட்டு வயதாகியும் நீந்தத் தெரியாது என்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதில் சேருங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்ட விளையாட்டு அரங்குகளில் கோடைப் பயிற்சி முகாம்கள் நடத்துகிறது. தனியார் இடங்களைவிடச் செலவு குறைவு. கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவதற்கு ஆகும் பெட்ரோலையும் உங்கள் நேரத்தையும் கட்டணத்தோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | வீடு | சொந்த ஊர் | மலை | முகாம் |
|---|---|---|---|---|
| அடுப்படிக்காரருக்கு ஓய்வு | வேலையைப் பகிர்ந்தால் உண்டு | நமக்கு உண்டு, அங்கே இருப்பவர்களுக்கு இல்லை | முழுமையாக உண்டு | காலை வேலை கூடும் |
| எங்களுக்கு ஆன செலவு | ஐந்தாறாயிரம் கூடுதல் | பத்து முதல் பதினைந்தாயிரம் | முப்பத்தெட்டாயிரம் | ஒரு பிள்ளைக்கு மூவாயிரம் முதல் |
| மறைந்திருப்பது | மின்கட்டணம், எரிவாயு | அன்பளிப்பு, கடைசி நேர பஸ் டிக்கெட் | நெரிசல், திரும்பிய பின் உடல்நிலை | போக்குவரத்து |
| வெயில் | வீட்டின் கூரையைப் பொறுத்தது | மரநிழல் உண்டு, வெயிலும் உண்டு | தொல்லை இல்லை | பகல் அலைச்சல் |
| பெரியவர்களுக்கு | மிக நல்லது | பயணம் தாங்கினால் நல்லது | குளிர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் | பொருந்தாது |
| முன்னேற்பாடு | ஒரு நாள் பேச்சு | 60 நாளுக்கு முன் டிக்கெட் | பாஸ், பிறகு அறை | ஏப்ரலில் பதிவு |

## நாங்கள் இந்த ஆண்டு செய்யப்போவது

நான்கில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மே முதல் வாரம் பிள்ளைகளும் நானும் அம்பாசமுத்திரம்; கொடை அந்த வாரம்தான். எட்டாம் நாள் மதினியையும் அவர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு திரும்புகிறோம். அதற்குப் பிறகு பள்ளி திறக்கும்வரை வீடு. மகனுக்குக் காலை ஆறரை மணிக்கு நீச்சல், வேறு வகுப்பு எதுவும் இல்லை. ஊட்டிக்குச் செப்டம்பரில் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டிலும் வீட்டு விடுமுறைதான் என்று முடிவானால், லீவு தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து மூன்று காரியம் செய்துவிடுங்கள். மின்சார மீட்டரில் அன்றைய எண்ணைப் பார்த்துக் காலண்டரில் குறியுங்கள். வாரம் ஒரு முறை பார்த்தால் 500ஐ நெருங்குவது முன்கூட்டியே தெரியும். மொட்டை மாடித் தளம் உங்கள் வீட்டுக்கு மேலேயே இருந்தால் வெள்ளைப் பூச்சு அடித்துவிடுங்கள். எங்கள் கூடத்தில் மதியச் சூடு குறைந்ததைக் கால் வைத்ததுமே உணர்ந்தோம். மூன்றாவதாக, யார் என்றைக்குச் சமையல் என்று எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் திங்கள் கணவர், புதன் மகள், வெள்ளி கணவரும் மகனும். ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக என் மகன் “அம்மா, ஆச்சி: தூக்கம்” என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறான்.